மாத்தாள்

காஞ்சிபுரத்தில் கொடுக்கிற மாத்திரை ஆளைக் கொன்றுவிடும் என்று உத்திரமேரூர் நெல் மண்டியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் புருஷோத்தமன். கிளப்பிவிட்டவனே, அந்த மாத்திரைக்காக நாளைக் காலையில் பஸ் ஏறப் போகிறேன் என்று மேஸ்திரி முன்னால் போய் நின்றால், மேஸ்திரி சிரிக்காமல் என்ன செய்வார்?

புருஷோத்தமன் மூட்டை தூக்குகிறவன். பதினெட்டு வயதில் முதுகில் ஏறிய மூட்டை முப்பத்திரண்டு வயதாகியும் இறங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் லாரிக்கு வைத்த பலகையில் கால் வழுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவன் நிமிர முடியாமல் நின்றான். கூட வேலை செய்கிற வினோத்குமார் ஒரு வலி மாத்திரையை நீட்டி, "போட்டுக்கோ மச்சான், பறந்துடும்" என்றான். வலி பறந்தது நிஜம்தான். முதலில் வலித்த நாட்களில் மட்டும் போட்டான். அப்புறம் வலி வருமோ என்ற பயத்துக்குப் போட்டான். பிறகு வலியும் இல்லை, பயமும் இல்லை, போடாவிட்டால் காலையில் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது என்ற நிலை வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அது யார் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துபோயிற்று. மண்டியில் சேர்ந்து லோடு ஏற்றுகிற அவர்கள் செட்டில் எட்டுப் பேர். அதில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

அவன் மனைவி ஜெனிஃபர் நாற்று நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவள். அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்க அவள் பழகியிருந்தாள். ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை, நான்கு தடவை. மாசி மாதத்தில் அவள்தான் அவனைக் காஞ்சிபுரத்துக்கு முதல் தடவை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், இந்த மாதிரி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கென்று காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தனியாக ஒரு பிரிவு நடக்கிறது. படுக்க வைப்பதில்லை. தினமும் போக வேண்டும், அவர்கள் கண் முன்னால் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பதினைந்து நாள் ஒழுங்காக வந்தால் அப்புறம் வாரம் ஒரு தடவை போதும்.

அதற்கு இரண்டு நிபந்தனை. முதல் நாள் கூட ஒரு ஆள் வர வேண்டும்; அதைவிட முக்கியமானது இன்னொன்று. பழைய மாத்திரையை ஒரு நாள் முழுக்கப் போடாமல், உடம்பு முறுக்க ஆரம்பித்த பிறகுதான் முதல் தடவை வர வேண்டும். புருஷோத்தமன் அப்படித்தான் போனான். டாக்டரம்மா பார்த்தார், சரி என்றார், டோக்கன் கொடுத்தார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தான். கால் எலும்புக்குள் எதுவோ நெளிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கக் குழாயடிக்குப் போனவன், இடுப்பில் செருகி வைத்திருந்த இரண்டைப் போட்டுக்கொண்டு சாதுவாக வந்து உட்கார்ந்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய தப்பாகவே தோன்றவில்லை. வரிசையில் உட்காருவதற்குத் தெம்பு வேண்டாமா?

ஆஸ்பத்திரி மாத்திரை நாக்கடியில் கரைந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அவனுக்கு உலகம் தலைகீழாகிவிட்டது. வாந்தி, பேதி, நடுக்கம், வியர்வை. படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் மறுநாளே வினோத்குமாரிடம் போய் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். மண்டியில் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "மருந்தா அது? ஆளக் கொல்ற வெசம்" என்றான். செட்டில் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவன் செந்தமிழன். பங்குனியில் ஒரு மத்தியானம் மண்டிக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்தான், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்று சொல்லி எடுத்தார்கள். எதனால் என்று செட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஜெனிஃபர் தனியாகப் பஸ் ஏறி அந்த டாக்டரம்மாவிடம் போனாள். ஏன் அன்றைக்கு அப்படி ஆயிற்று என்று கேட்டாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: பழைய மாத்திரை உடம்பில் ஒரு சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது, அது எழுந்து போன பிறகு இந்த மருந்து வந்து உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. ஆள் இருக்கிற சீட்டில் இதைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் பிடித்துத் தள்ளிவிட்டுத்தான் உட்காரும். அந்த ரகளைதான் அது. மருந்தின் தப்பு இல்லை.

ஜெனிஃபர் வீட்டுக்கு வந்து சோற்றைக்கூட வடிக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"யோவ், அன்னிக்கி கொயாயாண்ட போனியே, இன்னாத்துக்குப் போன?"

"தண்ணி குடிக்க."

"தண்ணியோட இன்னா முயுங்குன?"

அவன் சுவரைப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில், "ரெண்டு" என்றான்.

"எப்டியா ஒனக்கு வாய் வந்திச்சி வெசம்னு ஊரெல்லாம் சொல்ல? அத நம்பித்தானய்யா செந்தமிழன் போகாம குந்திக்கினு இருந்தான்?"

அவள் அழுதாள், அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். "அவன் பொண்டாட்டி குந்தியிருந்தா மாரி என்னக் குந்த வெக்காத. அவ்ளோதான் நான் கேக்கறது" என்றாள்.

போவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் முடிவெடுத்தால் மட்டும் போதுமா? செட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்காத சட்டம், அதனாலேயே யாரும் மீற முடியாத சட்டம். வேலைக்கு வராதவன் தனக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்ப வேண்டும். அவனுக்கு மாத்தாள் என்று பெயர். காய்ச்சலோ கல்யாணமோ சாவோ, மாத்தாள் வந்தாக வேண்டும். வராவிட்டால் இடம் போய்விடும். மண்டி வாசல் வேப்பமரத்தடியில் இடத்துக்காகவே நாலு பேர் எப்போதும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரையில், நவரைப் பருவத்து அறுவடை நெல் வந்து குவிகிற நேரத்தில் விட்ட இடத்தைத் திரும்பப் பிடித்தவன் எவனும் இல்லை.

மைத்துனனைக் கேட்டான், அவன் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருந்தான். சித்தப்பா மகன் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருந்தான். வேப்பமரத்தடி ஆட்களையும் கேட்டுப் பார்த்தான். இடத்தையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன் பதினைந்து நாளைக்கு மாத்தாளாக வருவானா? பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்த நிலையில்தான் மேஸ்திரி பெருமாள் முன்னால் போய் நின்றான். சாயங்கால லோடு முடிந்து செட்டே டீ குடித்துக்கொண்டிருந்தது. கடைசி மாத்திரை போட்டு அப்போதே பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது.

"மேஸ்திரி, பதினஞ்சி நாளிக்கி காலைல காஞ்சிபுரம் போணும். ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"இன்னாத்துக்குடா? ஆளக் கொல்ற மாத்திரைக்கா?" என்று பெருமாள் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

புருஷோத்தமன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். "மாத்திர மேல தப்பில்லண்ணா. வரிசைல குந்திக்கினு இருக்கசொல்ல நான் ரெண்டு போட்டுட்டேன். அதான் அடிச்சிது. நான் சொன்னது பொய்யி."

வினோத்குமார் தரையைப் பார்த்தான். செந்தமிழன் படுத்த இடம் அங்கிருந்து பத்தடி தூரம்தான்.

பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "செரி. நல்லதுக்குத்தான் போற. மாத்தாள் ஆரு?"

"கெடைக்கலண்ணா. நீங்கதான் பாத்து..."

"நான் இன்னாத்தப் பாக்கறது? ஒனக்கு வுட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். ஏழு பேரு எட்டு ஆள் லோடத் தூக்குவானுங்களா? மாத்தாள் இல்லன்னா எடம் இல்ல. எனக்கு ஒம்மேல கோவம் ஒண்ணும் கெடையாது."

"நான் வரேண்ணா."

எல்லோரும் திரும்பினார்கள். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்த ஜெனிஃபர் எடைத் தராசு பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மண்டியில் சிந்திய நெல்லைக் கூட்டிப் புடைக்கிற மேரி, முறத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"நீயா?" என்றார் பெருமாள். "பொம்பளைங்க பெருக்கறது, பொடைக்கறது. மூட்ட தூக்க வந்ததா சரித்திரமே கெடையாது."

"மாத்தாள்னா ஆம்பளதான்னு எப்பனா சொல்லிக்கீறியா?"

"சொல்லணுமா அத? நாப்பது கிலோம்மா."

"களத்துக்குக் கதிர்க் கட்டு தூக்கிப் போட்டது ஆரு? நீயா, நானா? அது இன்னா, பஞ்சா?"

பேசிக்கொண்டே வந்து அவள் புருஷோத்தமன் தோளிலிருந்த துண்டை உருவிச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள். "தூக்கி வுடுங்க" என்று அடுக்கின் பக்கம் போய் நின்றாள். யாரும் அசையவில்லை. வினோத்குமார்தான் எழுந்து வந்தான். அவனும் இன்னொருவனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூட்டையை அவள் தலையில் ஏற்றினார்கள். கழுத்து ஒரு நொடி உள்ளே போனது மாதிரி இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பலகையில் ஏறினாள். புருஷோத்தமனுக்கு அவள் கால்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அவன் கால் வழுக்கிய அதே மாதிரிப் பலகை. அவள் ஏறி, லாரிக்குள் மூட்டையைப் போட்டுவிட்டு, திரும்பி இறங்கி வந்தாள்.

"ஒண்ணு தூக்கறது பெருசில்லம்மா" என்றார் பெருமாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "காலைலருந்து மத்தியானத்துக்குள்ள நூறு நட கீது."

"நூறையும் பாத்துட்டுச் சொல்லு."

"நடுவுல குந்திட்டன்னா எடம் போச்சி. அப்பால எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழுவறதுக்கு நேரமில்லண்ணா எனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வழியில் புருஷோத்தமன் கெஞ்சினான். "இடுப்பு பூடும் ஜெனி."

"ஒன் இடுப்பு போனதுக்கு மாத்திர போட்ட. என் இடுப்பு போனா நீ தைலம் தேச்சி வுடு."

"மொத நாளு கூட ஒரு ஆளு வந்தே ஆவணும்னு சொன்னாங்களே?"

"ரெண்டு எடத்துலயும் நிக்க நான் இன்னா சாமியா? நீ போ. போய் உள்ளத உள்ளபடி சொல்லு. அத மட்டும் இந்தத் தடவ ஒயுங்கா செய்யி."

அந்த இரவைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. விடிந்தது, அதுவே பெரிய விஷயம். ஜெனிஃபர் புடவைக்கு மேலே அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துண்டை எடுத்துக்கொண்டு ஏழரைக்கு மண்டிக்குப் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் நிற்கிற நிலையைக் கண்டு தன் மனசு இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சித்திரை வெயில் காலையிலேயே தகரத்தைச் சுட வைத்திருந்தது. புருஷோத்தமன் போர்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தான். தாடை கழன்றுவிடும் போலக் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர். கால்கள் தாமாக உதறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து பின்னால் போய்விட்டார். முன் சீட்டுப் பெண் குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

"காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?" என்றார் கண்டக்டர்.

"குடிக்கலண்ணா. ஒடம்பு செரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

மாகறல் வருவதற்குள் வயிறு புரண்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே என்றுதான் குனிந்தான். பாதி உள்ளே விழுந்தது. பஸ்ஸே கூச்சல் போட்டது. விசில் அடித்து இறக்கிவிட்டார்கள். கண்டக்டரைக் குறை சொல்லி என்ன? அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

இறங்கியதும் வயிறு வேறு விதமாகப் புரண்டது. ரோட்டோர வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் ஓடினான். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த பஸ் போகிற சத்தம் கேட்டது. எழுந்து வந்து டீக்கடை பெஞ்சில் சாய்ந்தபோது மணி பத்தாகப் போகிறது. பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பைக்கில் சாய்ந்து ஒருவன் நின்றிருந்தான். புருஷோத்தமனைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனைப் பார்த்ததும் புருஷோத்தமனுக்கும் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை.

அவன் ரோட்டைக் கடந்து வந்தான். "இன்னா தல, முறுக்குதா? ஒண்ணு போட்டா நிமுந்துடுவ. காசு அப்பால குடு."

சட்டைப் பைக்குள் போன கை மூடியபடி வெளியே வந்தது. புருஷோத்தமன் அந்த மூடிய கையைப் பார்த்தான். உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் அந்தக் கையைப் பார்த்தது. இன்றைக்கு ஒன்று போட்டுக்கொள்வோம். ஆள் மாதிரி நிமிர்ந்து வீட்டுக்குப் போவோம். நாளைக்கு மறுபடி வருவோம், நாளைக்குச் சரியாகச் செய்வோம். மூன்று வருடமாக அவன் சொல்லிக்கொண்டிருந்த 'நாளைக்கு' இதுதான்.

போனை எடுத்து ஜெனிஃபரைக் கூப்பிட்டான். என்ன சொல்லப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. திட்டினால் தேவலை என்றிருந்தது. மணி அடித்தது. கடைசிவரை அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

எப்படி எடுப்பாள்? இரண்டு கையும் தலைக்கு மேலே மூட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அது மண்டையில் உறைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நட்ட நடு ரோட்டில், டீக்கடைக்காரம்மா பார்க்க, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழுகையோடு ஒரு பிடிவாதமும் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு வாணாம் நைனா" என்றான். "அங்க ஒருத்தி எனக்குப் பதிலா மூட்ட தூக்கிக்கினு கீறா."

பைக்குக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. கிறுக்குப் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

புருஷோத்தமன் டீக்கடைக்காரம்மாவிடம் இரண்டு பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த பஸ் வந்ததும் சீட்டுக்குப் போகாமல் பின்படிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். வாந்தி வந்தபோதெல்லாம் கவரில் எடுத்தான், முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். இந்தக் கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரிக்கையில் பாலாற்றுப் பாலம் வந்தபோது, இன்னும் கொஞ்ச தூரம்தான், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பதினொன்று முக்கால்.

நர்ஸ் தேவயானி ரிஜிஸ்டரை மூடப்போனவர், அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "நீங்களா? கூட வந்தவங்க எங்க?"

"ஆரும் வரல சிஸ்டர்."

"அப்ப குடுக்க முடியாது. மொத நாள் ஆள் இல்லாம குடுக்கறதே இல்ல. போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துடுச்சா? நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கும் அவளால வர முடியாது சிஸ்டர். அவ மாத்தாளாப் போய்க்கீறா."

"மாத்தாளா? அப்படின்னா?"

அவன் சொன்னான். நிற்க முடியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, கோர்வை இல்லாமல், செட்டு, மேஸ்திரி, இடம், மூட்டை என்று எல்லாவற்றையும் சொன்னான். குழாயடியில் இரண்டு போட்டதையும் சொன்னான். செந்தமிழனைப் பற்றியும் சொன்னான். அதைக் கேட்க வேண்டிய அவசியம் நர்ஸுக்கு இல்லை, ஆனாலும் கேட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருமணி அகலமாக விரிந்திருந்தது. நாடியைப் பிடித்தார். சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக நின்ற கையைத் தடவிப் பார்த்தார்.

"கடைசியா எப்போ போட்டீங்க?"

"நேத்துக் காலைல ஆறு மணிக்கி மேடம்."

"நடுவுல?"

"இல்ல மேடம்."

"குழாயடி?"

"அந்தப் பக்கமே போகல மேடம்."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். "இன்னிக்கு இவர் உடம்பே சாட்சி சொல்லுது. ஆனா விதி விதிதான். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நம்ம பார்வையில இருக்கணும், வீட்டுல பொறுப்பா ஒருத்தர் சம்மதம் சொல்லணும். போன் நம்பர் குடுங்க, பேசிப் பாக்கறேன்."

நாலு மணி வரைக்குமா? இரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றல்லவா மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான்! ஆனாலும் ஜெனிஃபரின் நம்பரைச் சொன்னான். நர்ஸ் அதைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆரு?" என்றது மேரியின் குரல். பின்னால் லாரி இன்ஜின் சத்தம், பெருமாளின் அதட்டல்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். ஜெனிஃபர் இருக்காங்களா?"

"அவ லோடுல கீறாம்மா. இரு, தோ வரா. ஏய் ஜெனி! ஆஸ்பத்திரி!"

"காதுல வையிக்கா" என்று ஜெனிஃபரின் குரல் வந்தது. மூச்சிரைத்தது. "அலோ மேடம், சீக்கிரம் சொல்லுங்க, தலைல மூட்ட கீது."

டாக்டரம்மா போன் பக்கம் குனிந்தார். "மூட்டையை எறக்கி வெச்சுட்டுப் பேசுங்கம்மா."

"எறக்குனா மறுபடி தூக்கி வுட ஆளக் கூப்டணும் மேடம். பேஜாரு. நிக்கறேன், நீங்க சொல்லுங்க. வந்தாரா?"

"வந்துட்டார். சரியான நிலையிலதான் வந்திருக்கார். மாத்திரை குடுக்கலாம், உங்களுக்குச் சம்மதமா?"

"அதுக்குத்தான மேடம் இங்க நிக்கறேன்."

"ஆனா இன்னிக்கு ஒரு நாள் நாலு மணி வரைக்கும் அவர் இங்கயே இருக்கணும். நல்லா இருந்தா பஸ் ஏத்தி விடுவோம். எறங்கற எடத்துல ஆள் நிக்கணும்."

புருஷோத்தமன் கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் மத்தியானம் வரைக்கும்தான் ஒப்புக்கொண்டிருந்தாள். முடியாது என்று அவள் சொன்னால் அவனுக்குக் கோபம் வராது; அப்படியே திரும்பிப் போய்விடுவான்.

"மேஸ்திரி!" என்று அவள் கத்தினாள். "இன்னிக்கி லோடு முடியற வரைக்கும் நாந்தான்!"

பெருமாள் என்ன சொல்லப் போகிறார் என்று ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் போனையே பார்த்தார்கள்.

"அதுக்கு இன்னா இப்ப? பேசிக்கினே நிக்காத, ஏறு!" என்றார் பெருமாள். செட்டில் மற்ற ஏழு பேரையும் அதட்டுகிற அதே குரல்.

"பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கறேம்மா. பொடைக்கற வேலய அப்பால பாத்துக்கறேன்" என்றாள் மேரி.

டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் தேவயானி மாத்திரையைப் பிரித்து, அவன் நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் வைத்தார். "பத்து நிமிஷம் அசையாம உக்காரணும். முழுங்கக் கூடாது. பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

அவன் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கசப்பு மெல்ல இறங்கியது. போனை யாரும் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பலகையில் கால் வைக்கும் சத்தம், மூட்டை விழும் சத்தம், பிறகு மறுபடியும் மூச்சிரைக்கும் குரல்.

"மேடம், போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா" என்றார் நர்ஸ்.

"இன்னா, கம்முனு கீறாரு?"

"பத்து நிமிஷம் பேசக் கூடாதும்மா."

"அப்டியா? யோவ், அப்ப நீ பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு. பதினஞ்சி நாளும் நாந்தான்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். கய்த்து வலிக்குது, அத வுடு. நீ நாளைக்கும் அந்தப் பஸ்ஸப் புடி."

இணைப்பு அறுந்துவிட்டது. புருஷோத்தமன் நாக்கை அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. மாத்திரை நிறுத்தியவர்களுக்குக் கண்ணீர் வடிவது வழக்கம்தான் என்று நர்ஸ் கொஞ்சம் பஞ்சை எடுத்து அவன் கையில் கொடுத்தார். இது அதனால் வருகிற நீர் இல்லை என்று சொல்ல வேண்டும் போல அவனுக்கு இருந்தது. சொல்வதற்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது.